எழுதித் தர முடியாத மறுப்பு

நோயாளியிடம் ‘தர முடியாது’ என்று சொல்வதைப்போலச் சுலபமான வேலை நம் தொழிலில் வேறில்லை. அதற்குப் படிப்பு வேண்டாம், கருவி வேண்டாம், நோயாளியின் கண்ணைப் பார்க்கக்கூட வேண்டாம். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டால் போதும். மிச்சத்தை வெள்ளை அங்கி பார்த்துக்கொள்ளும்.

கண் பரிசோதனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குக் கண்ணை அளக்க நான் கற்றுத்தரத் தேவையில்லை. உங்கள் கருவிகள் என் காலத்துக் கருவிகளைவிடக் கெட்டித்தனமானவை. நான் சொல்ல வந்தது ஒரேயொரு துண்டுக் கடதாசியைப் பற்றி. கொன்டாக்ட் லென்ஸ் சீட்டு. எந்த அளவு, எந்த வளைவு, எந்த வகை லென்ஸ் என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அந்தச் சீட்டை எப்போது கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி.

விதி சிக்கலானது என்று உங்களுக்குச் சொல்வார்கள். சொல்கிறவருடைய கடையில் எத்தனை லென்ஸ் பெட்டி விற்காமல் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். கண்ணில் நோய் இருந்தால் தடுக்கலாம். லென்ஸைப் பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை என்றால் தடுக்கலாம். கடைசியாகப் பரிசோதித்து அதிக காலம் ஆகிவிட்டால், வந்து காட்டிவிட்டு வாங்கிப் போ என்று சொல்லலாம். நான் வேலை செய்த காலமெல்லாம் விதியின் சாரம் இதுதான். சொற்கள் மாறியிருக்கலாம், இன்றைய பிரதியை நீங்களே எடுத்துப் படியுங்கள். அதில் எந்த வரியிலாவது ‘நோயாளி வேறு கடையில் வாங்கிவிடுவார் என்று தோன்றினால்’ என்று எழுதியிருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்தது, பிரெஞ்சு பேசும் நம் நகரத்தின் ஒரு பகுதியான லாசாலில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் ஒரு கடைத்தொகுதியில். ஒரு பக்கம் டெபனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை, மறுபக்கம் சலவைக்கடை, நடுவில் எங்கள் கண் பரிசோதனை நிலையம். அதன் உரிமையாளரும் எங்களைப்போலக் கண்ணைப் பரிசோதித்து அளவு எழுதும் ஒப்டோமெட்ரிஸ்ட்தான். ஆனால் நம் தமிழ்ச் சனம் அவரைப் ‘பெரிய டொக்டர்’ என்று கூப்பிடும். அறுவைச் சிகிச்சை செய்கிறவர் வேறு, நாம் வேறு என்று நான் ஆயிரம் தடவை விளக்கியிருப்பேன். அவர் ஒரு தடவையும் விளக்கியதில்லை. பட்டம் இலவசமாகக் கிடைக்கும்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பெரிய டொக்டருக்கு ஓர் அபூர்வமான வியாதி இருந்தது. அவர் அறைக்குள் போகும் கண்ணெல்லாம் வறண்டுவிடும். லென்ஸ் சீட்டைக் கையில் கேட்டவர்களுக்கு மட்டும்தான் இது நடக்கும். “கண் கொஞ்சம் வறட்சியாக் கிடக்கு, இப்ப சீட்டுத் தாறது புத்தியில்லை” என்று தாடையைத் தடவிக்கொண்டு சொல்வார். அதே ஆள், அதே கண், அதே கதிரை, எங்கள் அலுமாரியில் இருந்தே பெட்டியை வாங்குகிறேன் என்று சொன்னால் அந்த நிமிடமே கண் நனைந்துவிடும். மருத்துவ உலகம் இந்தச் சிகிச்சையை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

ஒருமுறை சென்னையில் இருந்து வந்த ஒரு மென்பொருள் பொறியாளர் அவரிடம் மாட்டினார். இல்லை, பெரிய டொக்டர்தான் அந்தப் பொறியாளரிடம் மாட்டினார். என் அறைக் கதவு திறந்திருந்ததால் முழுவதும் கேட்டது.

“விதிப்படி தர ஏலாது தம்பி.”

“எந்த ரூல் சார்? கொஞ்சம் காட்டுங்களேன்.”

“அது உங்களுக்கு விளங்காது. எல்லாம் பிரெஞ்சில கிடக்கு.”

“பரவாயில்ல சார், எனக்கு பிரெஞ்சு தெரியும். ஆபீஸ்ல கிளாஸ் வச்சாங்க.”

கதிரை கிறீச்சிடும் சத்தம். பிறகு பெரிய டொக்டரின் குரல், மிகுந்த அக்கறையோடு: “கண்ணும் கொஞ்சம் வறட்சியாக் கிடக்குது தம்பி.”

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். போகட்டும், அவனுக்கு வேறு வழி தெரியும், பிரெஞ்சும் தெரியும். நான் அன்றைக்கே பெரிய டொக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அது முதற் சண்டையும் இல்லை. அவர் வழக்கமான பதிலையே சொன்னார்: “உம்மட அறையில நீர் சீட்டுக் குடும். என்ர அறையில நான் பாத்துக்கொள்ளுறன்.” அதற்குப் பிறகு, லென்ஸுக்கு வருகிறவர்களை முடிந்தவரை அவருடைய அறைக்கே அனுப்ப வேண்டும் என்று முன்மேசைக்கு உத்தரவு போனது. கொள்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நானும் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற கதை இல்லை.

ஜெசிந்தா மன்னாரில் இருந்து வந்தவள். எங்கள் தெருவுக்கு அப்பால் ஒரு கார்தெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில், வேலை செய்தாள். அவளுக்குக் கிட்டப்பார்வை மிக அதிகம். கண்ணாடி இல்லாவிட்டால் கைநீட்டும் தூரத்தில் இருப்பவரின் முகம்கூட அவளுக்கு வெறும் மங்கல். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வேலையைச் செய்யவும் முடியாது. தூக்குகிற ஒவ்வொரு பிள்ளையும் முதலில் கை வைப்பது கண்ணாடியில்தான். அவளுக்கு லென்ஸ் அழகுக்கு இல்லை, பிழைப்புக்கு.

முதல் தடவை அவள் வந்தபோது பெரிய டொக்டர்தான் பார்த்தார். அந்த உரையாடலையும் நடைபாதையில் நின்று கேட்டேன்.

“சீட்டுத் தந்தியள் எண்டா நான் மலிவா எடுப்பன் டொக்டர்.”

“கண் வறட்சியாக் கிடக்குது பிள்ளை.”

“இஞ்ச வாங்கினா?”

“இஞ்ச எண்டா நாங்கள் கவனிப்பம்தானே.”

“அப்ப இஞ்ச வாங்கினா வறட்சி இல்லை?”

“நீர் விளங்காமல் கதைக்கிறீர்.”

“எனக்கு நல்லா விளங்குது டொக்டர்” என்று சொல்லிவிட்டு அவள் பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு விளங்கியது இதுதான்: கண் டொக்டர்மார் மறுப்பது வியாபாரத்துக்காக. அப்படி விளங்கிக்கொண்டதில் அவள்மேல் என்ன பிழை? தன்னிடம் இருந்த பழைய லென்ஸ் பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருந்த இலக்கங்களைப் பார்த்து, எதையும் கேட்காத ஓர் இணையக் கடையில் லென்ஸ் வாங்கத் தொடங்கினாள். நம்மைப்போன்றவர்கள் கையை இறுக்கிக்கொண்டால் மக்கள் கையை விரித்து வைத்திருப்பவனிடம் போவார்கள். கேள்வியே இல்லாமல் விற்கிறவனையும் நான் மெச்சவில்லை. அவனுக்குக் கண் என்பது அஞ்சல் முகவரி. ஆனால் அவளை அவனிடம் தள்ளிவிட்டது யார்?

இரண்டு பனிக்காலம் அவள் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு ஒரு பெப்ரவரி மாதம் மறுபடி வந்தாள். அந்த இணையக் கடைக்கும் திடீரென்று ஞானம் பிறந்து, புதிய சீட்டு வேண்டும் என்று கேட்டிருந்தது. பெரிய டொக்டர் தெற்கே வெயில் காயப் போயிருந்தார். அதனால் அவள் என் அறைக்கு வந்தாள். வெளியே இருக்கையெல்லாம் நிறைந்திருந்தது. முன்மேசையில் இருந்த சாந்தி, சுருக்கமாக முடியுங்கோ அக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஜெசிந்தா மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. “எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை டொக்டர். சீட்டு மட்டும் தந்தாக் காணும். வேலையால ஒரு மணித்தியாலம்தான் லீவு.”

“வலக்கண் சிவந்திருக்கே.”

“பிள்ளையள் விரலால குத்துவினம். அது ஒவ்வொரு நாளும் நடக்கிறதுதான்.”

“நோகுதோ?”

“வெளிச்சம் பட்டா மட்டும்.”

அந்தக் கடைசிப் பதிலைக் கேட்டதும் கையில் இருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். லென்ஸ் போடுகிற ஒருவர் வெளிச்சம் பட்டால் நோகிறது என்று சொன்னால், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் உங்கள் மணிக்கூடு அங்கேயே நிற்க வேண்டும். இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைக் கழற்றச் சொன்னேன். சாயத்துளி விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். இரத்தக் குழாயே இருக்கக் கூடாத கருவிழிக்குள், ஓரத்தில் இருந்து மெல்லிய சிவப்பு நூல்கள் ஊர்ந்து வந்திருந்தன. காற்றுப் போதாத கண் தன்பாட்டில் வழி தேடும் அடையாளம். அதுவும் நோய்தான், ஆனால் அவசரம் இல்லை. அவசரம் வலக்கண் கருவிழியின் கீழ் வெளியோரத்தில் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. சீனிப் பருக்கையைவிடச் சின்னது. அதன் மேல்தோல் கிழிந்து, சாயம் ஏறிப் பச்சையாக மினுங்கியது.

“நித்திரைக்கும் லென்ஸோடதானோ போறனீர்?”

“சில நாள்.”

நான் இடக்கண்ணைப் பார்க்கத் தொடங்கினேன். கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்: “கழட்டுற நாள்தான் குறைவு. பிள்ளையள் ரெண்டு பேர் வீட்டிலயும் இருக்கினம். எழும்பினாப் பாக்க வேணுமே.”

நான் கதிரையைத் தள்ளி அவளுக்கு நேரே இருந்தேன். “ஜெசிந்தா, கருவிழியில கிருமி பிடிக்கத் தொடங்குது. இப்பவே சொட்டு மருந்து துவங்க வேணும். நாளைக்குக் காலமை நான் திரும்பப் பாக்க வேணும். கண் சுகமாகும் வரைக்கும் லென்ஸ் ஒண்டும் போடக் குடாது. சீட்டு இப்ப தர ஏலாது.”

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு பழைய பகிடியை இரண்டாம் தடவை கேட்கிறவளின் சிரிப்பு அது.

“அவருக்கு வறட்சி, உங்களுக்குக் கிருமி. இஞ்ச ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பாட்டு.”

“இது பாட்டில்லை பிள்ளை.” படம் எடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டினேன். புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“கொம்பியூட்டரில என்னவும் காட்டலாம். இது என்ர கண்தான் எண்டு எனக்கென்ன தெரியும்? சீட்டுத் தராட்டிப் பறவாயில்லை. வேற கடை இருக்கு. பெட்டியில நம்பர் கிடக்கு.”

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. பெட்டியில் நம்பர் இருக்கிறது, வேறு கடையும் இருக்கிறது. நமக்குக் காவல்துறை இல்லை, பூட்டு இல்லை, சாவி இல்லை. சீட்டை மறுக்கும் உரிமை என்று சட்டம் நமக்குத் தந்திருப்பதெல்லாம், எதிரில் இருப்பவர் நம்மை நம்பினால்தான் வேலை செய்யும். அந்த நம்பிக்கையைப் பெரிய டொக்டர் பெட்டி பெட்டியாக விற்று முடித்திருந்தார். உண்மையாகவே மறுக்க வேண்டிய நாளில், என் கையில் அவர் மிச்சம் வைத்தது ஒன்றுமில்லை. பொய்யாக ஒருவருக்குச் சொல்லும் ‘இல்லை’ அந்த ஒருவரோடு முடிவதில்லை. பக்கத்து அறையில் ஒருநாள் உண்மையைச் சொல்ல வேண்டியவரின் நாக்கை அது வெட்டுகிறது.

அவள் எழுந்து கைப்பையைத் தோளில் போட்டாள். பயமுறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கண் போய்விடும், பிள்ளைகளின் முகம் தெரியாது என்றெல்லாம் சொல்லலாம். அதையும் வியாபாரப் பயமுறுத்தல் என்றுதான் எடுத்துக்கொள்வாள். கெஞ்சினால் இன்னும் மோசம்.

“ஒரு நிமிஷம் நில்லும். நான் ஏன் தரேல்லை எண்டு எழுதித் தாறன்” என்றேன்.

அவள் நின்றாள். அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

நிலையத்தின் தலைப்புத் தாளில் பிரெஞ்சில் எழுதினேன். எந்தக் கண்ணில், எந்த ஓரத்தில், எந்த அளவில் என்ன கண்டேன். என்ன மருந்து சொன்னேன். லென்ஸ் சீட்டை ஏன் இப்போது தரவில்லை. கருவிழி ஆறியதும், லென்ஸைப் பொருத்திப் பார்த்து முடித்த அன்றே, சீட்டு நிபந்தனை இல்லாமல் தரப்படும். கீழே கையெழுத்து, என் உரிம இலக்கம், என் கைத்தொலைபேசி இலக்கம். எழுதியதைத் தமிழில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

“இதை ஆரிட்டையும் கொண்டுபோய்க் காட்டும். எங்களைத் தெரியாத டொக்டராப் பாத்துப் போம். ஆனா இண்டைக்கு, இல்லாட்டி நாளைக்குக் காலமை. நான் சொன்னது பொய் எண்டு அவர் சொன்னா, சீட்டை அவரே எழுதித் தருவார். அதோட என்னைப் பற்றி முறைப்பாடும் குடும், என்ர உரிம இலக்கம் இதில கிடக்கு.”

தாளை வாங்கி மடித்தாள். பிறகு ஏதோ பிடிபட்டதுபோல நிமிர்ந்தாள். “லென்ஸ் இல்லாமல் நான் எப்படி பஸ் நம்பர் பாக்கிறது? கடைசியில இஞ்ச ஒரு கண்ணாடி வாங்கச் சொல்லப் போறியள். அதுதானே?”

“பழைய கண்ணாடி இல்லையோ?”

“பையிக்க கிடக்கு. ஒரு காது உடைஞ்சது. ஒரு பிள்ளை முறிச்சுப்போட்டான்.”

“எடும்.”

அளவு கொஞ்சம் பழையது, ஆனால் தெருவைக் கடக்கப் போதும். சாந்தியிடம் ஒட்டுநாடா வாங்கி, உடைந்த காதைச் சுற்றி ஒட்டி, அவள் முகத்தில் நானே போட்டுவிட்டேன். வடிவாக இருக்கவில்லை. “கொஞ்ச நாளைக்கு இது காணும். புதுசு ஒண்டும் வாங்காதையும்” என்றேன்.

அவள் நான் எழுதிய தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்துச் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். சாந்தி அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினாள். பஸ் போய்விட்டது.

அடுத்த நாள் காலை அவள் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கார்தெரிக்கு எடுத்தேன், வேலைக்கு வரவில்லை என்றார்கள். ஒரு நோயாளி முன்னால் இருக்கிறார், எழுத்துகளை வாசித்துக்கொண்டிருக்கிறார், என் காதில் ஒன்றும் ஏறவில்லை. சாம்பல் நிறப் புள்ளிக்கு ஓர் இரவு என்பது நீண்ட காலம். சில கிருமிகள் மெதுவாகச் சாப்பிடும். சிலவற்றுக்குப் பொறுமை கிடையாது. எது என்று எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் என் கைத்தொலைபேசி அடித்தது. நகரத்தின் இன்னொரு பகுதியான நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்து ஒரு பெண் ஒப்டோமெட்ரிஸ்ட். முன்பின் அறியாதவர். பிரெஞ்சில் பேசினார்.

“உங்கள் தாளோடு ஒரு பெண் வந்திருக்கிறார். நீங்கள் பொய்யர் என்று நான் சொல்ல வேண்டுமாம்.”

“சொல்லுங்கள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.”

“முடியவில்லையே. நீங்கள் எழுதிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய அளவைவிடப் பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன், டாக்சியில் ஏற்றிவிடுகிறேன்.”

கதிரையில் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கருவிழியைச் சுரண்டிக் கிருமி எதுவென்று பார்த்து, கடுமையான சொட்டு மருந்து கொடுத்தார்கள். மணிக்கு மணி விட வேண்டிய மருந்து. அவளுடைய கணவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து சொட்டு விட்டான். புண் ஓரத்தோடு நின்றது. நடுவுக்கு வரவில்லை. ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு மட்டும் எப்போதும் இருக்கும், பார்வைக்கு அது குறுக்கே வராது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரி டொக்டர் அவளுக்கு விளக்கியிருக்கிறார். அதை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

பெரிய டொக்டர் நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார். அவருக்கு முதலில் எழுந்த கேள்வி கண் எப்படி இருக்கிறது என்பதாக இருக்கும் என்று நினைத்தீர்களா?

“எழுதிக் குடுத்தனீரோ?”

“ஓம்.”

“எங்கட தலைப்புத் தாளில?”

“ஓம். வேற தாள் இருக்கேல்லை.”

“இனி எல்லாரும் எழுதித் தா எண்டு கேப்பினமே!”

“கேக்கட்டுமே. காரணம் இருந்தா எழுதுறதுக்கு என்ன கஷ்டம்?”

“உமக்கு நடைமுறை விளங்காது” என்றார். இந்த மனிதருக்கு எதிரில் இருப்பவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று விளங்குவதில்லை. பிரெஞ்சு விளங்காது, விதி விளங்காது, நடைமுறை விளங்காது. ஒரு புள்ளி ஒரே இரவில் வளரும் என்பது மட்டும் அவருக்கு விளங்க வேண்டிய தேவை வந்ததேயில்லை.

பனி கரைகிற நேரத்தில் ஜெசிந்தா வந்தாள், ஒட்டுநாடாக் கண்ணாடியோடு. என்னிடம் வருவதற்கு முன் முன்மேசையில் நின்று, “பெரிய டொக்டரை ஒருக்காப் பாக்க ஏலுமோ?” என்று கேட்டாள். காத்திருக்கும் இருக்கைகளில் ஆட்கள் இருந்தார்கள். தன் பெயரைக் கேட்டதும் அவரே வெளியே வந்தார், புன்னகையோடு. யாரோ புகழ வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

“டொக்டர், ரெண்டு வருசம் முந்தி எனக்குக் கண் வறட்சி எண்டு சொல்லிச் சீட்டுத் தரேல்லை. ஞாபகம் இருக்கோ?”

“எத்தினை பேர் வருகினம் பிள்ளை. இப்ப கண் எப்பிடி?”

“இப்ப சுகம். அண்டைக்கு என்ன வருத்தம் இருந்தது எண்டு எழுதித் தாங்கோ. ரெண்டு வரி காணும். இஞ்ச மற்ற டொக்டர் எழுதித் தந்த மாதிரி.”

“அது பழைய கதை. அதை ஏன் இப்ப…”

“அண்டைக்கு நீங்கள் சீட்டைத் தந்திருந்தா நான் வருசா வருசம் இஞ்ச வந்து காட்டியிருப்பன். நித்திரைக்கும் லென்ஸ் போடாதை எண்டு ஆராவது எனக்குச் சொல்லியிருப்பினம். பொய் இல்லை எண்டா எழுதுங்கோ.”

அவள் குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். கத்தாமல் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரிய டொக்டர் சாந்தியைப் பார்த்தார். சாந்தி ஒரு வெற்றுத் தாளை எடுத்து, பேனையையும் அதன்மேல் வைத்து, மிக மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினாள். எல்லோரும் பேனையைப் பார்த்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. உள்ளே தொலைபேசி அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே எந்தத் தொலைபேசியும் அடிக்கவில்லை.

மூலையில் இருந்த ஒரு வயதான அண்ணை தொண்டையைச் செருமினார். “பிள்ளை சாந்தி, என்ர சீட்டையும் தராமல் வைச்சிருக்கிறார். அதுக்கும் ஒரு காரணம் எழுதித் தரச் சொல்லும்.”

அவர் திருந்தினார் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. எழுதப் பயந்தார், அவ்வளவுதான். யாராவது ‘எழுதித் தாங்கோ’ என்றால் உடனே சீட்டைக் கொடுத்துவிடுவார். அந்தச் சொல்லை அறியாதவர்களின் கண் கொஞ்ச காலம் வறண்டுகொண்டே இருந்தது. பிறகு லாசாலில் அந்தச் சொல்லை அறியாதவர்கள் குறைந்துபோனார்கள். கோயிலிலும் தேவாலயத்திலும் பஸ் தரிப்பிலும் ஜெசிந்தா அதைப் பரப்பிவிட்டிருந்தாள். நான் இந்த மாதிரி ஆட்களின் மனமாற்றத்துக்குக் காத்திருக்கிறவள் இல்லை. பயமும் எனக்குப் போதும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: மறுக்க வேண்டி வரும். கட்டாயம் வரும். நோயாளி அழுவார், ஏசுவார், சிரிப்பார். ‘போனால் போகட்டும், தொல்லை விட்டது’ என்று சீட்டை எழுதித் தள்ளிவிடுகிற கோழைகளும் நம் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச என் வாயைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். மறுக்கும்போது ஏன் என்பதையும், எதுவரைக்கும் என்பதையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், வேறொருவரிடம் காட்டச் சொல்லுங்கள். பேனையை எடுக்கும்போது கை தயங்கினால், நோய் எதிரில் இருப்பவரின் கண்ணில் இல்லை.

ஜெசிந்தாவின் கருவிழி முழுவதும் ஆறிய பிறகு, தினமும் கழற்றி எறிகிற வகை லென்ஸை அவளுக்குப் பொருத்தினேன். சில கிழமை போட்டுவிட்டு வந்து காட்டினாள். சிவப்பு நூல்கள் இரத்தம் வற்றி வெளிறிப் பின்வாங்கியிருந்தன. அன்றைக்கே விழித்திரையையும் பார்த்துவிடுவோம் என்று கண்மணியை விரிக்கும் சொட்டும் விட்டேன். எல்லாம் சரி. சொன்னபடி சீட்டை எழுதிக் கையில் கொடுத்தேன்.

“இதைக் கொண்டுபோய் எங்கையும் வாங்கலாமோ டொக்டர்?”

“எங்கையும்.”

“நீங்கள் கோவிக்க மாட்டியளோ?”

“கண்ணைக் காட்ட மட்டும் வருசா வருசம் வாரும். மற்றது உம்மட விருப்பம்.”

அவள் வெளியே போய், எங்கள் லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த அலுமாரிக்கு நேர் கீழே இருந்துகொண்டு, கைத்தொலைபேசியை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கிட்டப் பிடித்தாள், தூரப் பிடித்தாள். சொட்டு மருந்து தந்த மங்கலில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நான் அடுத்த நோயாளியைக் கூப்பிட வந்தபோது தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். திரையில் ஓர் இணையக் கடை திறந்திருந்தது.

“டொக்டர், ஒண்டும் தெரியேல்லை. இந்த நம்பருகளை ஒருக்கா அடிச்சுத் தாங்கோவன். பிழைச்சா வீண்தானே.”

பெரிய டொக்டர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சீட்டைப் பார்த்து, வலக்கண், இடக்கண் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து அடித்தேன். பிழை இருக்கக் கூடாது என்று, முடிந்ததும் இன்னொரு தரம் முதலில் இருந்து வாசித்தேன்.